எடை குறைப்பு ஆபரேஷன்: எந்த டாக்டரிடம் செய்துகொள்வது?

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். எனக்கு 38 வயது. குடியாத்தத்தில் தனியார் பள்ளி ஆசிரியை. உயரம் 158 செ.மீ., எடை 108 கிலோ. ஆறு வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறேன். எச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு) 9.1. முழங்கால் வலி, ராத்திரி குறட்டை, படுத்தால் நெஞ்செரிச்சல். போன மாதம் காட்பாடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த இலவச முகாமுக்குப் போனேன். சென்னையிலிருந்து வந்த டாக்டர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, இரைப்பையை வெட்டிச் சிறிதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்யலாம், சர்க்கரைக்கும் நிரந்தரத் தீர்வு என்றார். 2,75,000 ரூபாய் பேக்கேஜ். மாதக் கடைசிக்குள் அட்வான்ஸ் கட்டினால் 25,000 தள்ளுபடியாம். மே மாத லீவில் முடித்துவிடலாம் என்று இருக்கிறேன். கணவர் வேலூரிலேயே செய்துகொள் என்கிறார். அண்ணன் பெங்களூருக்குக் கூப்பிடுகிறார். ஆற்காட்டில் இருக்கும் என் நாத்தனார் நான்கு வருடத்துக்கு முன் இதே ஆபரேஷன் செய்து 30 கிலோ குறைந்தார். அதில் 12 கிலோ திரும்ப ஏறிவிட்டது. அம்மாவோ 2024-ல் சென்னையில் ஒரு இளைஞர் இறந்துபோன செய்தியைச் சொல்லி அழுகிறார். நல்ல டாக்டர் என்று எப்படித் தெரிந்துகொள்வது? என் பெயரை வெளியிட வேண்டாம்.

பதில்: அட்வான்ஸ் இன்னும் கட்டவில்லை என்றால் கட்டாதீர்கள், அம்மா. கட்டிவிட்டிருந்தால் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, ஆபரேஷன் வேண்டாம் என்றால் பணம் திரும்ப வருமா என்று எழுத்தில் கேளுங்கள். வயிற்றில் பெரும்பகுதியை வெட்டி எடுக்கிற ஆபரேஷனுக்கு மாதக் கடைசி என்று ஒரு கெடு இருக்கவே கூடாது. ஆடித் தள்ளுபடி மாதிரி இதை விற்பவரிடம் உடம்பைக் கொடுக்க எனக்கு மனசு வராது. டாக்டர்கள் விளம்பரம் செய்து நோயாளிகளைப் பிடிப்பது தவறு என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளே சொல்கின்றன.

நான் அறுவை மருத்துவர் இல்லை. வேலூரில் சர்க்கரை நோயாளிகளைப் பார்க்கும் பொது மருத்துவர். இந்த ஆபரேஷனுக்கு ஆட்களை அனுப்பி வைப்பவனும் நான்தான், செய்துகொண்டு வந்தவர்களை வருடக்கணக்கில் பார்ப்பவனும் நான்தான். அந்த இடத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில், உங்களுக்கு இது தேவையா? தேவைப்படலாம். உயரத்தோடு ஒப்பிட்டு எடையை அளக்கும் பி.எம்.ஐ. உங்களுக்கு 43. நம் நாட்டு நிபுணர்கள் வகுத்த அளவுப்படி 37.5-க்கு மேல் இருந்தாலே ஆபரேஷனை யோசிக்கலாம். சர்க்கரை போன்ற கூட்டு நோய் இருந்தால் 32.5 போதும். 2022-ல் வந்த சர்வதேசப் பரிந்துரைகள் ஆசியர்களுக்கு 27.5 வரைகூட இறங்கி வந்திருக்கின்றன. எந்த அளவுகோலில் பார்த்தாலும் நீங்கள் தகுதியானவர்தான். 'வாயைக் கட்டத் தெரியாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறாள்' என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். இந்த எடையில் வெறும் பத்தியத்தால் குறைத்து, குறைத்ததை அப்படியே வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு. அது மன உறுதிக் குறைவு இல்லை, உடம்பு எடையைக் காத்துக்கொள்ளும் விதம் அது. இடையில் ஒரு வழியும் உண்டு. 2025-ல் மௌஞ்சாரோ, வீகோவி என்ற, எடை குறைக்க வாரம் ஒருமுறை போடும் ஊசிகள் நம் ஊருக்கும் வந்துவிட்டன. உங்கள் சர்க்கரை டாக்டரிடம் அவற்றைப் பற்றியும் பேசுங்கள். நிறுத்தினால் எடை திரும்ப ஏறும், செலவும் தொடரும். ஆனாலும் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமல் நேரே ஆபரேஷன் தேதி குறிப்பவரை நான் முழுதாக நம்ப மாட்டேன்.

இனி உங்கள் கேள்வி. பெரும்பாலோர் 'கைராசிக்காரரா, பெரிய படிப்பா, எவ்வளவு ரேட்' என்று பார்க்கிறார்கள். நான் பார்ப்பது வேறு. ஆபரேஷன் முடிந்த ஐந்தாம் நாள் ராத்திரி பதினொரு மணிக்கு உங்களுக்கு முடியாமல் போனால் அவர் எங்கே இருப்பார்? மூன்றாம் வருடம் உங்கள் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை யார் பார்ப்பார்? இந்த இரண்டுக்கும் தெளிவான பதில் வைத்திருப்பவரிடம் போங்கள்.

ஏன் ஐந்தாம் நாள்? ஸ்லீவ் ஆபரேஷனில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மீதியை வாழைப்பழம் போல ஒரு குழாயாக ஸ்டேப்ளர் பின் அடித்து மூடுகிறார்கள். அந்த நீளமான பின் வரிசையில் எங்காவது ஒரு இடம் விட்டுக்கொடுத்தால் உள்ளே கசியும். நூற்றில் ஓரிருவருக்கு நடக்கக்கூடியது; திறமையான கையிலும் நடக்கும். கஷ்டம் என்னவென்றால், இரண்டு மூன்று நாளில் உங்களை டிஸ்சார்ஜ் செய்துவிடுவார்கள். கசிவு பல நேரம் அதற்குப் பிறகுதான், முதல் பத்து நாளுக்குள், தலைகாட்டும். அப்போது நீங்கள் குடியாத்தத்தில் உங்கள் வீட்டுக் கட்டிலில் இருப்பீர்கள். முதல் அறிகுறி பெரும்பாலும் வயிற்று வலிகூட இல்லை, நாடித் துடிப்பு. சும்மா படுத்திருக்கும்போதே நிமிடத்துக்கு 120-க்கு மேல் ஓடும். அப்புறம் காய்ச்சல், மூச்சு வாங்குதல், இடது தோள்பட்டை வலி. உள்ளூரில் காட்டினால் 'கேஸ்' என்று ஒரு ஊசி போட்டு அனுப்பிவிடக்கூடும். சில மணி நேரத்தில் சி.டி. ஸ்கேன் எடுத்து, தேவையானால் திரும்பத் திறந்து பார்க்க வேண்டிய நிலைமை அது.

முகாம் டாக்டர் சென்னையில் இருக்கிறார். அவர் செய்யப்போவது எந்த ஆஸ்பத்திரியில் என்று நீங்கள் எழுதவில்லை. சனிக்கிழமை வேலூருக்கு வந்து நான்கு ஆபரேஷன் செய்துவிட்டு ராத்திரியே திரும்பிப்போகிற ஏற்பாடாக இருந்தால், திங்கட்கிழமை உங்களைப் பார்க்கப்போவது டியூட்டி டாக்டர் மட்டும்தான். எவ்வளவு கெட்டிக்கார சர்ஜனாக இருந்தாலும் அந்த ஏற்பாட்டை நான் ஏற்க மாட்டேன். அவர் இல்லாத நாளில் பொறுப்பு எடுத்துக்கொள்ள, இதே ஆபரேஷன் தெரிந்த இன்னொரு சர்ஜன் பெயர் சொல்ல வேண்டும்.

கை வித்தியாசம் கிடையாதா என்றால், நிச்சயம் உண்டு. 2013-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 20 சர்ஜன்கள் தாங்கள் செய்த இரைப்பை பைபாஸ் (இதய பைபாஸ் இல்லை, எடை குறைப்புக்கான இன்னொரு வகை) ஆபரேஷனின் வீடியோவைக் கொடுத்தார்கள். யாருடையது என்று தெரியாமல் மற்ற சர்ஜன்கள் அதற்கு மதிப்பெண் போட்டார்கள். குறைந்த மதிப்பெண் வாங்கிய கால்வாசிப் பேரின் நோயாளிகளில் 14.5 சதவீதம் பேருக்குச் சிக்கல் வந்திருந்தது. மேலே இருந்த கால்வாசிப் பேரிடம் 5.2 சதவீதம். எல்லோரும் தகுதி பெற்ற சர்ஜன்கள்தான்.

அந்த வீடியோவைப் பார்த்து மதிப்பிட உங்களாலோ என்னாலோ முடியாது. கேள்வி கேட்க முடியும். 'டாக்டர், போன வருஷம் இந்த ஆபரேஷன் எத்தனை பேருக்குச் செஞ்சீங்க? அதுல எத்தனை பேருக்குக் கசிவு வந்துச்சு? அப்ப என்ன செஞ்சீங்க?' கூச்சப்படாமல் கேளுங்கள். மொத்தம் எத்தனை ஆயிரம் என்ற போர்டு கணக்கு வேண்டாம், போன வருடக் கணக்கு போதும். மாதத்துக்கு நாலைந்தாவது தவறாமல் செய்கிறவராக இருந்தால் எனக்குத் திருப்தி. வருடத்துக்கு ஏழெட்டு என்றால் மற்ற ஆபரேஷனுக்கு நடுவே இதையும் செய்கிறார் என்று அர்த்தம். 'எனக்கு ஒரு கேஸ்கூடக் கசிஞ்சதே இல்லம்மா' என்பவர் ஒன்று குறைவாகச் செய்திருக்கிறார், அல்லது போனவர்களைத் திரும்பிப் பார்ப்பதில்லை. 'இரண்டு பேருக்கு வந்தது, ஒருவருக்குக் கசிவை மூட உள்ளே ஸ்டென்ட் குழாய் வைத்தோம், ஒருவர் மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார்' என்று விவரம் சொல்பவர் பக்கம் என் மனசு சாயும். கேட்டதற்கே முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள். நீங்கள் ஆயுளுக்கும் கேள்வி கேட்க வேண்டிய ஆள் அவர்.

படிப்பைப் பொறுத்தவரை எம்.எஸ். ஜெனரல் சர்ஜரி அல்லது அதற்கு இணையான டி.என்.பி. அடிப்படை. குடல் இரைப்பை அறுவையில் எம்.சிஎச். இருந்தால் நல்லது. பெயருக்குப் பின்னால் வரும் மற்ற எழுத்துகளில் சில நாட்களில் முடியும் பயிற்சியும் உண்டு, இரண்டு வருடம் முழுநேரம் இருந்து பெறும் எஃப்.என்.பி.யும் உண்டு. போர்டில் இரண்டும் ஒரே அளவு எழுத்தில்தான் இருக்கும். 'இந்த ஆபரேஷனை எங்கே, யாரிடம், எவ்வளவு காலம் கற்றீர்கள்' என்று கேட்டால் போதும். பதிவு எண்ணைத் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் பதிவேட்டில் சரிபார்த்துவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது நெஞ்செரிச்சல். படுத்தால் எரிகிறது என்கிறீர்கள். முகாமில் எண்டோஸ்கோபி (வாய் வழியே குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பது) செய்யவில்லை, ஆனால் ஸ்லீவ் என்று முடிவாகிவிட்டது. ஸ்லீவுக்குப் பிறகு அமிலம் மேலே வருவது பலருக்கு அதிகமாகிறது. அதனாலேயே பின்னால் பைபாஸாக மாற்றிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். பைபாஸில் இரைப்பையின் மேல்பகுதியை ஒரு சின்னப் பையாகப் பிரித்துச் சிறுகுடலோடு இணைக்கிறார்கள். நெஞ்செரிச்சலும் சர்க்கரையும் சேர்ந்திருப்பவர்களுக்குப் பல நேரம் அதுதான் பொருத்தம். வெட்டி எடுத்த இரைப்பையைத் திரும்ப வைக்க முடியாது என்பதால் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். உங்களுக்கு எது சரி என்று எண்டோஸ்கோபி பார்க்காமல் நான் சொல்ல மாட்டேன். அதே காரணத்தால் அவரும் சொல்லியிருக்கக் கூடாது. ஸ்லீவ் மட்டுமே செய்யத் தெரிந்த சர்ஜனுக்கு எல்லோரும் ஸ்லீவ் கேஸாகத்தான் தெரிவார்கள். இரண்டையும் வழக்கமாகச் செய்பவரிடம் போய், 'எனக்கு ஏன் இது, ஏன் அது வேண்டாம்' என்று கேளுங்கள்.

குறட்டையும் அப்படித்தான். இந்த எடையில் குறட்டை விடுபவர்களில் பலருக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். மயக்க மருந்து டாக்டருக்கு அது முன்பே தெரிந்திருக்க வேண்டும். தூக்கப் பரிசோதனை, எண்டோஸ்கோபி, தைராய்டு, இரும்புச் சத்து, வைட்டமின் அளவுகள், இதயப் பரிசோதனை, மனநல ஆலோசனை, உணவு ஆலோசகரிடம் ஓரிரு அமர்வு இவ்வளவும் ஆன பிறகுதான் தேதி. இதையெல்லாம் கேட்கிற டாக்டரை 'டெஸ்ட்டுக்கு டெஸ்ட் எழுதறார்' என்று நினைக்காதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் டெஸ்ட் எழுதாதவர்தான் ஆபத்து.

'சர்க்கரைக்கு நிரந்தரத் தீர்வு' என்றாராம். அமெரிக்காவில் 150 சர்க்கரை நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வின் ஐந்து வருட முடிவு 2017-ல் வந்தது. எச்.பி.ஏ.1.சி. 6 அல்லது அதற்குக் கீழே இருந்தவர்கள் பைபாஸ் செய்தவர்களில் 29 சதவீதம், ஸ்லீவில் 23 சதவீதம், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 சதவீதம். ஆபரேஷன் மருந்தைவிட எவ்வளவோ மேல் என்று இது காட்டுகிறது. எல்லோருக்கும் அடியோடு போய்விடாது என்றும் காட்டுகிறது. நோய் வந்து கொஞ்ச காலமே ஆனவர்களுக்கு, இன்சுலின் வரை போகாதவர்களுக்குப் பலன் கூடுதல். உங்களுக்கு ஆறு வருடம், மாத்திரைதான். அது நம்பிக்கை தரும் நிலைதான். ஆனால் ஆபரேஷன் ஆன நாளிலிருந்தே சர்க்கரை இறங்கத் தொடங்கும், பழைய மாத்திரையை அப்படியே போட்டால் தாழ்சர்க்கரையில் மயங்கி விழலாம். மாத்திரையை யார் குறைப்பார் என்பதையும் முன்பே பேசி வையுங்கள்.

மூன்றாம் வருடம் என்று சொன்னேனே, அதற்கு முன்னால் ஐந்தாம் வாரம் ஒன்று இருக்கிறது. ராணிப்பேட்டை பக்கத்திலிருந்து ஒருவரை அழைத்து வந்தார்கள். வெளியூரில் ஆபரேஷன், ஐந்து வாரம் ஆகியிருந்தது. குடித்த தண்ணீர்கூடத் தங்காமல் மூன்று வாரமாக வாந்தி. பக்கத்துக் கிளினிக்கில் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றியிருந்தார்கள். எழுந்து நிற்கச் சொன்னால் கால் பின்னுகிறது, என் விரலைப் பார்க்கச் சொன்னால் கருவிழி ஒரு பக்கம் நிலைக்காமல் ஆடுகிறது. பாதம் இரண்டும் மரத்துப் போயிருந்தன. கையில் ஒரே ஒரு பக்கம் டிஸ்சார்ஜ் சம்மரி. அதன் அடியில் 'தேவைப்பட்டால் வரவும்'. அதில் இருந்த எண்ணுக்கு அடித்தால் பேக்கேஜ் விற்கிற பெண் எடுத்தார். அது வைட்டமின் பி1 குறைபாடு. அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிப்பு இன்னும் மோசமாகும். பி1 ஊசி போட்டுக் கண் சில நாளில் சரியானது, கால் சரியாகப் பல மாதம் ஆயிற்று. இத்தனைக்கும் ஆபரேஷனில் ஒரு குறையும் இல்லை, தையல் அருமையாக ஆறியிருந்தது. அவருடைய வாந்தியைப் பற்றிக் கேட்க மட்டும் யாரும் இல்லை.

அதனால்தான் சர்ஜனைப் பார்க்கும்போதே அந்த ஆஸ்பத்திரியின் உணவு ஆலோசகரையும் பாருங்கள். தினமும் 60 கிராம் புரதம் சாப்பிட வேண்டியிருக்கும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான். ஓட்ஸ், பிராக்கோலி என்று அச்சடித்த தாளை நீட்டுபவரைவிட, உங்கள் வீட்டில் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் கொள்ளுச் சுண்டலும் உண்டா என்று கேட்டு அதிலிருந்து அளவு போட்டுத் தருபவர் உங்களுக்கு உதவுவார். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகள் ஆயுளுக்கும். முதல் வருடம் மூன்று நான்கு முறை, அப்புறம் வருடம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை. என்ன ஆபரேஷன், எப்படி இணைத்தார்கள் என்ற முழு ஆபரேஷன் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பைபாஸ் செய்தவருக்குச் சில வருடம் கழித்துக்கூடக் குடல் உள்ளே சிக்கி வலி வரலாம். அன்றைக்கு உங்களைப் பார்க்கும் டாக்டருக்கு அந்தக் காகிதம்தான் வழிகாட்டும். முழங்கால் வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடும் வலி மாத்திரைகளும் பைபாஸுக்குப் பிறகு கூடாது, இணைப்பில் புண் வரும்.

உங்கள் நாத்தனாருக்கு ஏறிய 12 கிலோவுக்குச் சர்ஜனைக் குறை சொல்ல அவசரப்படாதீர்கள். குறைந்ததில் ஒரு பங்கு சில வருடத்தில் திரும்புவது பலருக்கும் நடக்கிறது. 18 கிலோ இன்னும் குறைவாகத்தானே இருக்கிறார்? அவர் கடைசியாக எப்போது பரிசோதனைக்குப் போனார் என்று விசாரியுங்கள். போகவில்லை என்றால் இந்த வாரமே போகச் சொல்லுங்கள். எடைக்காக இல்லாவிட்டாலும் பி12-க்காக.

சென்னையா, வேலூரா, பெங்களூரா? பெயர் சொல்லி எந்த ஆஸ்பத்திரியையும் நான் பரிந்துரைக்கப் போவதில்லை. ஆனால் உங்கள் கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. குடியாத்தத்திலிருந்து வேலூருக்கு ஒரு மணி நேரம். சென்னைக்கு மூன்று நான்கு மணி நேரம், பெங்களூருக்கும் ஏறக்குறைய அப்படித்தான். ஐ.சி.யூ., இருபத்துநான்கு மணி நேர சி.டி. ஸ்கேன், எண்டோஸ்கோபி எல்லாம் உள்ள பெரிய ஆஸ்பத்திரிகள் நம் ஊரிலேயே இருக்கின்றன. இங்கே சந்திக்கும் சர்ஜன் நான் சொன்ன கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொன்னால் வெளியூர் போகக் காரணமில்லை. சொல்லவில்லை என்றால் வெளியூர் போங்கள், ஆனால் முதல் இரண்டு வாரம் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே, அண்ணன் வீட்டிலோ வாடகை அறையிலோ தங்குங்கள். அந்தச் செலவையும் பேக்கேஜோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். திரும்ப ஆபரேஷன் செய்ய நேர்ந்தால், ஐ.சி.யூ.வில் இருக்க நேர்ந்தால் பில் யார் தலையில் என்றும், ஸ்டேப்ளர் பின் கார்ட்ரிட்ஜ்கள் எத்தனை, எல்லாம் புதிதா என்றும் கேளுங்கள். மெடிக்கல் பாலிசி இருந்தால் எடுத்துப் பாருங்கள்: தனிநபர் பாலிசிகளில் பொதுவாக பி.எம்.ஐ. 40-க்கு மேல், அல்லது 35-க்கு மேல் இருந்து கட்டுப்படாத சர்க்கரை போன்ற கடும் நோய் இருந்தால் ஏற்பார்கள். அதற்கும் காத்திருப்புக் காலம் உண்டு. மற்ற முயற்சிகள் பலிக்கவில்லை என்று டாக்டரின் குறிப்பு வேண்டும். உங்கள் பழைய சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

அம்மாவின் பயத்தைச் சும்மா சமாதானம் சொல்லி ஒதுக்காதீர்கள். அவரையும் சர்ஜனிடம் கூட்டிப் போங்கள். 2009-ல் அமெரிக்காவில் 4,776 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வில் முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் ஆயிரத்துக்கு மூன்று பேர். அதற்குப் பிறகு இன்னும் குறைந்திருக்கிறது. 108 கிலோவும் 9.1 சர்க்கரையுமாக அடுத்த பதினைந்து வருடம் இருப்பதிலும் ஆபத்து உண்டு என்பதை அந்த டாக்டரே அம்மாவுக்குச் சொல்லட்டும். அம்மா கேட்கும் கேள்விக்கு அவர் எப்படிப் பதில் சொல்கிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள்.

கடைசியாக, மே மாதம் வேண்டாம். ஸ்லீவானாலும் பைபாஸானாலும் முதல் சில வாரம் தண்ணீரை மடக்கு மடக்காகத்தான் குடிக்க முடியும். ஒன்றரை லிட்டர் உள்ளே போக நாள் முழுக்க ஆகும். அதற்குக் குறைந்தால் நீர்ச்சத்து வற்றி, மறுபடி ஆஸ்பத்திரியில் சேர வேண்டி வரும். வேலூர் கத்திரி வெயில் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மே லீவில் பரிசோதனைகளை எல்லாம் முடித்துக்கொள்ளுங்கள், இரண்டு சர்ஜன்களையாவது பார்த்துவிடுங்கள். ஆபரேஷனை மழைக்காலத்துக்குத் தள்ளி வையுங்கள். சுலபமாக நடமாட இரண்டு வாரம், பள்ளியில் நின்று பாடம் நடத்த மூன்று நான்கு வாரம் ஆகும். காலாண்டு விடுமுறையோடு சேர்த்து மருத்துவ விடுப்பு கிடைக்குமா என்று தலைமை ஆசிரியரிடம் இப்போதே பேசி வையுங்கள்.